சான்டா பார்பரா நாட்குறிப்பு: ஹார்டர் மைதானத்தில் நான்கு அணிகள்

டிசம்பர் 6, 2018, வியாழன்

லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனில் பசிபிக் சர்ஃப்லைனரில் ஏறினால் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். வென்சுரா வரைக்கும் ஊர்களும் ஆக்ஸ்நார்டு வயல்களும்தான். அதற்குப் பிறகு தண்டவாளம் கடலோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் 101ஆம் நெடுஞ்சாலை, அதற்கு மேலே மலை.

மலைச்சரிவுகளைப் பார்க்கும்போதுதான் மனசு கனத்தது. சரியாகப் போன வருஷம் இதே வாரம் தாமஸ் காட்டுத்தீ இந்த மலைகளை எரித்துக்கொண்டிருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் புகையில் மூழ்கியதால், டிசம்பரில் நடக்க வேண்டிய தேர்வுகளை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். ஜனவரி 9ஆம் தேதி மழை கொட்டியது. எரிந்த மலையில் மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. சேறும் பாறையுமாக மொன்டிசீட்டோ ஊருக்குள் இறங்கியதில் 23 பேர் இறந்தார்கள். நெடுஞ்சாலை ஏறக்குறைய இரண்டு வாரம் மூடியே கிடந்தது. அந்த ஊரை ரயில் இன்று சில நிமிடங்களில் கடந்துவிட்டது. பெட்டியில் யாரும் பேசவில்லை, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அந்தப் பல்கலைக்கழகம்தான் இந்த வாரக் கடைசியில் நாட்டின் கல்லூரிக் கால்பந்து இறுதிச்சுற்றை நடத்துகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆண்கள் முதல் பிரிவுக்கான காலேஜ் கப். மொத்தம் 48 அணிகள், தோற்றால் வெளியே. காலிறுதி வரை ஏதாவது ஓர் அணியின் சொந்த மைதானத்தில் ஆடுவார்கள். எஞ்சும் நான்கு அணிகள் மட்டும் முன்கூட்டியே குறித்துவைத்த ஓர் ஊரில் கூடும். வெள்ளிக்கிழமை இரண்டு அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி.

நான் லீவு போட்டு வந்ததற்குக் காரணம் அந்த 'ஓர் ஊர்' இந்த முறை ஒரு பல்கலைக்கழகம் என்பதுதான். கடைசியாக வளாகத்துக்குள் நடந்தது 2010இல், அதுவும் இங்கேதான். நடுவில் அலபாமாவின் ஹூவரில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் இரண்டு வருஷம் நடத்தினார்கள். கான்சஸ் சிட்டி, ஹூஸ்டன், பிலடெல்பியா பக்கத்துச் செஸ்டர் என்று தொழில்முறை கிளப்புகளின் அரங்கங்களிலும் நடத்தினார்கள். அவை நல்ல அரங்கங்கள், புல்லும் இருக்கையும் குறை சொல்ல முடியாது. ஆனால் படிக்கிற பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைப் படிக்கிற பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் தீராத பிடிவாதம்.

அக்கா மகள் இங்கே மூன்றாம் வருஷம் படிக்கிறாள். வாசலில் ரசிகர்களுக்கு வழிகாட்டும் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு அடி வைத்ததும் கத்தினாள். "மாமா, அங்க நிக்காதீங்க! அது சைக்கிள் ரோடு!"

இந்த வளாகத்தில் சைக்கிளை மிஞ்ச எதுவும் இல்லை. சைக்கிளுக்கெனத் தனிச்சாலை, சைக்கிளுக்கென ரவுண்டானா. வகுப்பு விட்ட நேரம் பார்த்து வந்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் பாய்ந்து வருகிறார்கள். ஒரு கையில் காபி, ஒரு கை ஹேண்டில்பாரில், அக்குளில் சர்ஃப் பலகை. மணி அடிக்காமல், மோதாமல், அந்த ரவுண்டானாவுக்குள் நுழைந்து பிரிந்து போவதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன்.

"அரங்கம் நிறையுமாம்மா?" என்று கேட்டேன்.

"எக்ஸாம் வாரம் மாமா. எங்க டீமும் இல்ல. தெரியல. ஆனா நான் வருவேன், என் ரூம்மேட்ஸ் வருவாங்க."

டிசம்பர் 7, வெள்ளி

வந்திருக்கும் நான்கு அணிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

இண்டியானா, மேரிலாந்து, மிச்சிகன் ஸ்டேட் மூன்றுமே பிக் டென் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. சீசன் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தவர்கள். நான்காவது ஒஹையோவின் அக்ரன், டயர் தொழிலால் பெயர் பெற்ற ஊர். காலிறுதியில் அக்ரன் 3-2 என்று வீழ்த்தியது ஸ்டான்போர்டை. 2015, 2016, 2017 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வென்ற ஸ்டான்போர்டு அது. போன வருஷ அரையிறுதியில் அக்ரனை வெளியே அனுப்பியதும் அதே அணிதான்.

மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் மேரிலாந்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1968 இறுதிப்போட்டியில் இரண்டும் மோதி 2-2 என்று சமனில் முடிந்து, பட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு மிச்சிகன் ஸ்டேட் கோப்பையைத் தொட்டதில்லை. 50 வருஷம் கழித்து இரண்டும் ஒரே அரங்கில். இரண்டும் வென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்கைத் தீர்த்திருக்கலாம்.

தீரவில்லை. மிச்சிகன் ஸ்டேட்டை அக்ரன் 5-1 என்று அடித்துப்போட்டது. அரையிறுதியில் இப்படி ஒரு ஸ்கோரை நான் எதிர்பார்க்கவில்லை. பச்சைச் சட்டைக்காரர்கள் மோசமாக ஆடினார்கள் என்று சொல்ல மாட்டேன். அக்ரன் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதம் அப்படி. காலில் பந்து வருவதற்கு முன்பே அடுத்து யாருக்கு என்று முடிவாகியிருக்கிறது. பின்கட்டிலிருந்து பதறாமல் கட்டிக்கொண்டு வரும் இந்தப் பாணி அங்கே பயிற்சியாளர்கள் மாறினாலும் மாறவில்லை.

இண்டியானாவை மேரிலாந்து 2-0 என்று வென்றது. எனக்கு இது அதிர்ச்சி. எட்டுக் கோப்பை வென்ற இண்டியானா. அங்கே கால்பந்தை வளர்த்தவர் ஜெரி யீக்லி. ஆறு பட்டம் வென்று 2003இல் ஓய்வு பெற்றார். இப்போது பயிற்சியாளராக இருப்பவர் அவர் மகன் டாட். போன வருஷம் இறுதிப்போட்டியில் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலில் தோற்றவர்கள் அவர்கள். இந்த முறை கோப்பைக்காகவே வந்தவர்கள். எனக்கு முன்வரிசையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பேன்ட் அணிந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் எழுந்திருக்காமல், தங்கள் வீரர்கள் ஒவ்வொருவரும் உள்ளே போகும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கல்லூரிக் கால்பந்தை இதுவரை பார்க்காதவர்களுக்கு இங்கே சில விஷயங்கள் விசித்திரமாக இருக்கும். முதலாவது கடிகாரம். உலகமெங்கும் அது முன்னோக்கி ஓடும். இங்கே 45:00இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். கோல் விழுந்தால், அட்டை காட்டினால், பெனால்டி கொடுத்தால் நிற்கும். நடுவர் சேர்த்துக் கொடுக்கும் நிமிஷங்கள் என்ற பேச்சே இல்லை. பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது. கடைசிப் பத்து நொடியை ஒலிபெருக்கியில் எண்ணுகிறார்கள், கூட்டமும் சேர்ந்து எண்ணுகிறது.

மாற்று ஆட்டக்காரர் விதியும் வேறு. முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் வெளியே வந்தால் ஒருமுறை திரும்பலாம். அதனால் அலை அலையாக ஆள் மாறுகிறார்கள். சுத்தக் கால்பந்து ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் சீசனைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிய வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், நடுவில் வகுப்பு, பயணம். இதை மாற்றி ஆட்டங்களை இரண்டு செமஸ்டருக்கும் பிரித்துப் போடுங்கள் என்று மேரிலாந்து பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கி பல காலமாகப் போராடி வருகிறார். முழுக்க முழுக்க நியாயமான கோரிக்கை. இன்று ராத்திரி 90 நிமிஷம் ஓடிய அதே கால்கள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட வேண்டும். 19, 20 வயசுப் பிள்ளைகள். அதிலும் பெரும்பாலானவர்களுக்கு முழு உதவித்தொகை கிடையாது. 2018 விதிப்படி ஆண்கள் கால்பந்துக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடியது 9.9 முழு உதவித்தொகைதான். இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. பகலில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். சூரியன் இறங்கியதும் கடல்காற்று எலும்பு வரை போகிறது. அக்கா மகள் தன் நீலக் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு ஓடினாள்.

டிசம்பர் 8, சனி

இன்று ஆட்டம் இல்லை. காலையில் கேம்பஸ் பாயின்ட் வரை நடந்தேன். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் பசிபிக், நடுவில் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப்போரின்போது இது கடற்படைப் பிரிவான மரீன்களின் விமானத்தளம். பக்கத்து விமான நிலையம் அப்போது வந்த தளத்தின் பகுதிதான். 61 மணிகள் கொண்ட ஸ்டோர்க் கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது, வழி தவறுவது கடினம்.

பிறகு அரங்கத்தை வெளியிலிருந்து ஒரு சுற்று வந்தேன். ஹார்டர் ஸ்டேடியத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியாது.

17,000 பேர் உட்காரலாம். 1966இல் திறந்தார்கள், ஆனால் கால்பந்துக்காக அல்ல. கட்டியது அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு. அரங்கத்துக்குப் பெயர் கொடுத்த 'ஸ்பட்' ஹார்டரும் அந்த விளையாட்டின் பயிற்சியாளர்தான். திறந்த சில வருஷங்களிலேயே, 1971 சீசனோடு, அணியைக் கலைத்துவிட்டார்கள். எண்பதுகளில் மாணவர்கள் உயிர்கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் பிரிவுப் பல்கலைக்கழகம் ஃபுட்பாலை மட்டும் கீழ்ப்பிரிவில் ஆடக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ. விதி கொண்டுவந்ததும் 1991 சீசனோடு அதுவும் முடிந்தது. பதினேழாயிரம் இருக்கை, ஆட அணி இல்லை. எத்தனையோ ஊர்களில் இப்படிப்பட்ட அரங்கம் புல் முளைத்துப் போயிருக்கும்.

இங்கே கால்பந்து வந்து உட்கார்ந்தது. டிம் வோம் ஸ்டீக் 1999இல் பயிற்சியாளராக வந்தார். 2004இல் சான்டா பார்பரா இறுதிப்போட்டிக்குப் போய் இண்டியானாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. 2006இல் தரவரிசையே இல்லாமல் போட்டிக்குள் நுழைந்து, செயின்ட் லூயிஸில் நடந்த இறுதியில் யூ.சி.எல்.ஏ.வை 2-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அதன்பிறகு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். 2010 செப்டம்பர் 24 அன்று யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராக ஒரு சாதாரண சீசன் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 15,896 பேர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இது கனவு போன்ற எண்ணிக்கை. மற்ற இடங்களில் ஆயிரம் பேர் வந்தாலே நல்ல கூட்டம்.

சொந்த அணி கோல் போட்டால் இங்கே டோர்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டியை மைதானத்துக்குள் தட்டுபோலச் சுழற்றி வீசுவார்கள். இந்த வாரம் அது இல்லை. விருந்தாளிகளின் ஆட்டத்தில் வீசக்கூடாது என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் வளாகத்தை ஒட்டிய ஐலா விஸ்டாவில் ஒரு கடையில் உட்கார்ந்து, அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ்.ஸின் கோப்பை இறுதிப்போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அட்லான்டாவில் 73,000 பேருக்கு முன்னால் அட்லான்டா யுனைடெட் 2-0 என்று போர்ட்லாந்தை வென்றது. பக்கத்து மேஜையில் நீலமும் தங்கமும் அணிந்த ஒரு பெரியவர். சான்டா பார்பராவுக்கும் அக்ரனுக்கும் ஏறக்குறைய ஒரே நிறங்கள் என்பதால் உள்ளூர்க்காரர் என்று நினைத்தேன். சட்டையில் கங்காரு இருந்தது. அக்ரன்.

தொலைக்காட்சியில் அட்லான்டாவின் டார்லிங்டன் நாக்பியைக் காட்டும்போதெல்லாம் அவர் மேஜையைத் தட்டினார். அக்ரனின் 2010 அணியில் நாக்பி ஆடியதை இதே ஊரில் பார்த்தவராம். அந்த வருஷம் தோல்வியே காணாமல் இறுதிக்கு வந்த லூயிவில்லை அக்ரன் 1-0 என்று வென்றது. 79ஆம் நிமிஷம், ஸ்காட் கால்ட்வெல். அந்தப் பல்கலைக்கழகம் எந்த விளையாட்டிலும் முதல் பிரிவில் வென்ற முதல் தேசியக் கோப்பை அது. "அந்த கோல் விழுந்த பக்கமே நாளைக்கும் உட்காருவேன்" என்றார். அந்த அணியிலிருந்த ஜாரெக் வாலன்டின் இப்போது போர்ட்லாந்தில் இருக்கிறார். அக்ரனுக்கு வருவதற்கு முன் வாலன்டின் ஆடியது மேரிலாந்தில்! இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்து, "நாங்கள் ஏற்கெனவே அவர்களிடமிருந்து ஒன்று எடுத்துவிட்டோம்" என்றார்.

அட்லான்டா கேப்டன் பார்க்ஹர்ஸ்ட் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவருடைய சக வீரர் கிரெஸ்ஸல் பிராவிடன்ஸ் கல்லூரியில். பதினைந்து வயசில் கிளப் அகாடமியில் சேராதவன் கால்பந்தில் தேறமாட்டான் என்று சொல்பவர்கள் இன்றைய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டில் தேறாதவன் இருபத்திரண்டில் தேறுவான். அதற்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும், அந்த வாசல் இங்கே பல்கலைக்கழகம்.

டிசம்பர் 9, ஞாயிறு

மேரிலாந்து 1, அக்ரன் 0.

சிரோவ்ஸ்கி 1993இலிருந்து மேரிலாந்தில் இருக்கிறார். 2005இல் அவர் அணி வென்றது 1-0. 2008இலும் 1-0. இன்றும் அதே. 1968இல் பங்குபோட்டதையும் சேர்த்தால் மேரிலாந்துக்கு நான்காவது பட்டம்.

இந்தப் போட்டி முழுவதும் அவர்கள் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோல்கீப்பர் டேன் செயின்ட் கிளேர், கனடாக்காரர், நெட்டையானவர். அவருக்கு முன்னால் டோனவன் பைன்ஸ் என்ற இன்னொரு நெட்டை. கார்னர் கிக் வரும்போதெல்லாம் இவர்கள் இருவரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து காற்றில் இருக்கும்போதே செயின்ட் கிளேர் ஏதோ ஒரு சொல் கத்துகிறார். உடனே பைன்ஸ் நின்றுவிடுகிறார், அல்லது எழும்புகிறார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. தொலைக்காட்சியில் இது தெரியவே தெரியாது, காதில் விழவும் விழாது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததால் கிடைத்தது.

கோல் 57ஆம் நிமிஷம், பெனால்டி. ஆமர் செஜ்டிச் அடித்தார். கடிகாரம் நின்றிருந்தது. அந்த நேரத்தில் அரங்கம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. வலது பக்கம் சிவப்பு, கறுப்பு, மஞ்சள். இடது பக்கம் அக்ரனின் நீலம், அதோடு சேர்ந்துகொண்ட உள்ளூர் நீலம். ஆமாம், சான்டா பார்பரா மாணவர்களில் பலர் அக்ரனுக்குத்தான் கத்தினார்கள். நிறமும் ஒன்று, 2010இல் இங்கே வென்ற உறவும் உண்டு. செஜ்டிச் தயங்காமல் ஓடிவந்து வலைக்குள் போட்டார். கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தை நான் வெறுத்தேன். சமன் செய்ய ஒரு கோல் போதும், கூடுதல் நேரத்துக்குப் போய்விடலாம். 2018 விதிப்படி பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு கட்டம், முதலில் கோல் போட்டவர் வென்றவர். எதுவும் நடந்திருக்கலாம். எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. உலகத்தின் வேறு எந்த மைதானத்திலும் பின்தங்கிய அணிக்கு நடுவர் இன்னும் மூன்று நிமிஷம் கொடுப்பார் என்ற ஓர் ஆசை இருக்கும். இங்கே அது இல்லை. பத்து, ஒன்பது, எட்டு என்று சிவப்புப் பக்கம் எண்ணியது. பூஜ்யத்தில் மேரிலாந்து பெஞ்ச் முழுவதும் மைதானத்துக்குள் ஓடியது.

அக்ரன் வீரர்கள் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மிட்ஃபீல்டர் சட்டையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான். அவனிடம் முதலில் போய் நின்றது அவன் பயிற்சியாளர் அல்ல. பந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு உள்ளூர்ப் பொடியன், பத்து வயசிருக்கலாம். என்ன சொன்னானோ தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வீரன் வாங்கிக் குடித்துவிட்டு அவன் தலையில் கை வைத்தான்.

வெளியே வரும்போது அக்கா மகள் வாசலில் மேரிலாந்துக் குடும்பங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அவளுக்குத் தேர்வு. நோட்டு, பேனா எல்லாம் தோள்பையில்.

"நம்ம டீம் இல்லாத மேட்ச்சுக்கு இவ்வளவு வேலையா?" என்று கேட்டேன்.

"நம்ம கிரவுண்டு இல்லையா மாமா?" என்றாள்.

டிசம்பர் 10, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன், இப்போது வலப்பக்க ஜன்னல். நிறையப் பேர் கேட்ட விவரங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அடுத்த வருஷம் காலேஜ் கப் வட கரோலினாவின் கேரியில். 2020இல் மறுபடி சான்டா பார்பராவுக்கே கொடுத்திருக்கிறார்கள். வர நினைப்பவர்கள் கார் தேவையா என்று யோசிக்க வேண்டாம். சான்டா பார்பரா ஸ்டேஷனில் இறங்கினால் நகர மையத்திலிருந்து 11ஆம் எண் பஸ்ஸும் 24எக்ஸ் பஸ்ஸும் வளாகத்துக்குப் போகின்றன. 24எக்ஸ் வேகமாகப் போகும். கோலீட்டா வரை ரயிலிலேயே போய் அங்கிருந்தும் வரலாம். கனமான ஜாக்கெட் கட்டாயம். குழந்தைகளைக் கூட்டி வாருங்கள், முடிந்த மட்டும் கோலுக்குப் பின்னால் உட்கார வையுங்கள், கோல்கீப்பர் பேசுவது கேட்க வேண்டும்.

அக்ரன் பெரியவரை ஸ்டேஷனில் மறுபடி பார்த்தேன். 2020க்கு அவர் இப்போதே அறை விசாரித்துவிட்டாராம். அவர் அணி வருமா என்று யாருக்கும் தெரியாது. ஐலா விஸ்டாவில் நாங்கள் சந்தித்த அந்தக் கடைக்கு எதிரில்தான் தங்குகிறாராம், ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அங்கே வந்துவிடு என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.